பன்னிரண்டாவது துணி

போன வாரம் பெரியம்மாவை ஷெட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு நான் பாட்டுக்குப் போய்விட்டேன் என்று உங்களில் பலருக்கு என் மேல் கோபம். "வண்டி கிளம்புமா, கிளம்பாதா? ஒரு வரியில் சொல்லித் தொலைத்தால் என்ன?" என்று கேட்கிறீர்கள். ஒரு வரியில் சொல்லிவிட்டு மீதிப் பக்கத்தை எதைக் கொண்டு நிரப்புவது? போகட்டும், இந்த வாரம் இழுத்தடிக்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்துவிட்டது.

கதைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரியம்மா என்பது மனுஷி அல்ல, கார். வயது அறுபதுக்கு மேல். பிஞ்சு அவரைக்காய் நிறம், முன்னால் இரண்டு உருண்டை விளக்குகள். சட்டென்று கோபம் வரும், சமாதானமாக நேரம் பிடிக்கும். அதனால்தான் அந்தப் பெயர். பதினொரு மாதத்துக்கு முன் பழைய இரும்புக் கடையின் பின்புறம் துருப்பிடித்துக் கிடந்ததைக் கட்டி இழுத்து வந்தவள் சின்னவள். முப்பத்து நாலு வயதாகியும் வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர்.

சின்னவள் லிப்ட் மெக்கானிக். அதாவது, இரண்டு வருஷத்துக்கு முன்பு வரை. அவள் பழுது பார்த்து, 'சரி' என்று கையெழுத்துப் போட்ட ஒரு லிப்ட், நாலு பேரோடு ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவே இரண்டு மணி நேரம் நின்றுவிட்டது. யாருக்கும் அடியில்லை. வேலை நடக்கும்போது முட்டுக் கொடுத்த ஒரு மரக்கட்டையை எடுக்காமல் விட்டதுதான் காரணம் என்றார்கள். விசாரணை முழுக்கக் கடிதத்திலேயே நடந்தது. 'கட்டையை எடுக்க மறந்துவிட்டீர்களா?' என்று ஒரு கேள்வி வந்தது. 'இல்லை' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பினாள்.

அதோடு அவள் கையெழுத்துக்கு மதிப்புப் போயிற்று. இப்போது ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கிறாள். நாளை, திங்கட்கிழமை, அவளுக்கு மறுபரிசோதனை. தேறினால் பழைய வேலை, இல்லாவிட்டால் ஸ்டோர் ரூமே கதி.

அதற்கு முந்தின நாளான இன்று பெரியம்மா மலையேற வேண்டும். பழைய கார் சங்கத்தில் சேர அதுதான் வழி. "என் கையால முடிச்ச ஒரு வேலை என் கண்ணு முன்னாடி ஒழுங்கா ஓடணும். அதைப் பார்த்துட்டுத்தான் நாளைக்கு அங்க போய் நிப்பேன்" என்று அவள் சொன்ன இடத்தில்தான் நாம் நிறுத்தியிருந்தோம்.

*

ஐந்தரை மணிக்கே ஷெட்டில் விளக்கு எரிந்தது. சின்னவள் பானட்டுக்குள் தலையை விட்டிருந்தாள். அவளுடைய அண்ணன், வானிலை ஆபீஸில் வேலை பார்ப்பவர், முன் பம்பரில் முகம் தெரிகிற வரை தேய்த்துக்கொண்டிருந்தார். அதைத் தவிர வேறு வேலையை அவரிடம் ஒப்படைக்கும் துணிச்சல் அந்த வீட்டுப் பெண்களுக்கு இல்லை.

"இன்னிக்கு மழை வராது," என்றார்.

"அப்போ குடையை எடுத்து வண்டியில போடுங்க," என்றாள் அவர் மனைவி.

அவள்தான் அண்ணி. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். எட்டு வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் நாத்தனாரும் அண்ணியும் பேசிக்கொண்டது 'தண்ணி வந்துடுச்சா', 'கதவு சாத்தியாச்சா' என்பதோடு சரி. ஒரு நாள் சுத்தியல் சத்தம் பொறுக்காமல் சண்டை போடுவதற்கென்றே ஷெட்டுக்கு வந்த அண்ணி, என்ஜின் மேல் கிடந்த அழுக்குத் துணியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"மொத்தம் எத்தனை துணி வச்சிருக்க?"

"யாருக்குத் தெரியும்?"

அந்தப் பதிலை அண்ணியால் ஜீரணிக்க முடியவில்லை. அவள் வேலை பார்க்கிற அறையில், உள்ளே போன பஞ்சும் துணியும் எண்ணிக்கை சரியாக வெளியே வராமல் எப்பேர்ப்பட்ட டாக்டரும் வயிற்றைத் தைத்து மூட முடியாது. மறுநாளே ஷெட்டுச் சுவரில் ஒரு கரும்பலகை ஏறியது. ஒரு பக்கம் 'உள்ளே', ஒரு பக்கம் 'வெளியே'. ஆஸ்பத்திரியில் கழித்துக் கட்டிய பச்சை விரிப்பு ஒன்றைப் பன்னிரண்டு துண்டாக வெட்டி, ஓரங்களைச் சிவப்பு நூலால் அடித்துக் கொடுத்தாள். சின்னவள் முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். மூன்றாவது மாதம் அண்ணி டூட்டி முடிந்து வருகிற நேரத்தைப் பார்த்துக் காத்திருக்கத் தொடங்கியிருந்தாள்.

இன்று காலை அண்ணி துணிகளை எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள்.

"பதினொண்ணு."

"வாளியில ஊறப் போட்டிருப்பீங்க," என்றாள் சின்னவள், தலையை எடுக்காமலே.

"பார்த்துட்டேன். இல்ல. கொடியிலயும் இல்ல. வியாழக்கிழமை எனக்கு நைட் டூட்டி. அன்னிக்கு நீ எண்ணினியா?"

"அண்ணி, மணி ஆறாகப் போகுது. ஆறரைக்கு மைதானத்துல இருக்கணும். இது காரு, வயிறு இல்ல."

அண்ணி பலகைப் பக்கம் திரும்பினாள். பலகையில் 'வெளியே' என்ற பக்கத்தில் பதினொன்று என்று எழுதிவிட்டு, சாக்பீஸைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

சின்னவள் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். பெரியம்மா இருமினாள். பிறகு ஒரு பெரிய தும்மல். அதற்குப் பிறகு ஷெட்டின் தகரக் கூரையே லேசாக அதிரும்படி ஓடத் தொடங்கினாள். சீரான, ஆழமான சத்தம்.

அண்ணிக்கு உடம்பு சிலிர்த்தது. இந்த என்ஜினை அவள் பிஸ்கட் டப்பாக்களில் பார்த்திருக்கிறாள். ஒரு டப்பாவில் வால்வு, ஒரு டப்பாவில் ஸ்பிரிங், ஒரு டப்பாவில் பெயர் தெரியாத இருபது சாமான். அத்தனையும் இப்போது ஒன்றாகச் சேர்ந்து மூச்சு விடுகிறது! நின்றுபோன இதயம் மறுபடி துடிப்பதை அவள் தியேட்டரில் இரண்டு தடவை பார்த்திருக்கிறாள். இது மூன்றாவது தடவை.

*

மைதானத்தை நெருங்கும்போதே வானிலைக்காரர் பின்ஸீட்டிலிருந்து "ஐயோ!" என்றார். பயந்துவிடாதீர்கள், அது வியப்பில் வந்த ஐயோ.

நாற்பது கார்கள். எல்லாமே பழசு, எல்லாமே பளபளப்பு. தயிர் வெள்ளை, கத்தரிப்பூ நிறம், தேன் நிறம். எல்லாவற்றுக்கும் பானட் திறந்திருந்தது. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒருவர் குனிந்து, எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்ப்பதும், டயரை அமுக்கிப் பார்ப்பதும், காதை வைத்துக் கேட்பதுமாக இருந்தார். யாரும் சத்தம் போட்டுப் பேசவில்லை. ஒரு பெரியவர் தன் காரின் கண்ணாடியைத் துடைத்த பதவிசைப் பார்த்தால், சொந்தக் குழந்தைக்குக்கூட அப்படி முகம் துடைத்திருக்க மாட்டார். சின்னவள் தன்னை மறந்து வாயைப் பிளந்து நின்றாள். இத்தனை பேர் தன்னைப் போலவே பைத்தியமா என்று அவளுக்கு ஒரே ஆச்சரியம்.

சங்கத்தின் காரியதரிசி ஒரு பல் டாக்டர் அம்மா. 'வாயைத் திறங்க' என்கிற அதே குரலில் "பானட்டைத் திறங்க" என்றார். உள்ளே பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஒரு தாளை நீட்டினார்.

"இங்க ரெண்டே ரெண்டு வழக்கம்தான். முதல் தடவை வர்ற வண்டிதான் எல்லாருக்கும் முன்னாடி போகும். அது எந்த வேகத்துல போகுதோ, நாங்க நாப்பது பேரும் அதே வேகத்துல பின்னாடி வருவோம். யாரும் முந்த மாட்டோம். உச்சி வரைக்கும் தானாப் போயிட்டா நீங்க எங்க ஆளு. கட்டி இழுக்கிற மாதிரி ஆச்சுன்னா அடுத்த வருஷம் பார்க்கலாம்."

"ரெண்டாவது வழக்கம்?"

"வண்டி யாரோடதா வேணா இருக்கட்டும். அதுல வேலை செஞ்ச கை, 'தயார்'னு கையெழுத்துப் போடணும். போடாம ஒரு வண்டியும் நகராது."

சின்னவள் பேனாவை வாங்கினாள். தாளில் 'தயார் செய்தவர்' என்று போட்டு ஒரு கோடு இருந்தது. பேனா கோட்டுக்கு மேலே வந்து நின்றுவிட்டது. இரண்டு வருஷமாக அவள் எந்த வேலைக்குக் கீழேயும் கையெழுத்துப் போட்டதில்லை.

"நீங்க போடுங்க அண்ணி."

"நான் எதுக்கு? நான் எண்ணினவ. அதுவும் பதினொண்ணுதான் எண்ணினேன்."

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். அண்ணி குரலைத் தாழ்த்தினாள்.

"வரும்போது சூடு காட்டுற ஊசியைப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"பாதிக்கு மேல நின்னுது."

"புதுசாப் பூட்டின என்ஜின் அண்ணி. கொஞ்சம் சூடு ஏறும்."

"நீ சொன்னா சரி. உன் கை, உன் வேலை. போடு."

சின்னவள் பேனாவைப் பார்த்தபடி வியாழக்கிழமை சாயங்காலத்தை நினைத்துப் பார்த்தாள். புதுப் பெயின்ட் அடித்த ரேடியேட்டரைத் திருப்பி மாட்டிய நாள். அதன் மேல் வாயில் தூசி விழாமல் இருக்க ஒரு பச்சைத் துணியைச் சுருட்டி அடைத்திருந்தாள். அந்த நேரம் பார்த்து அண்ணன் ஒரு கடிதத்தோடு வந்தார். மறுபரிசோதனைக் கடிதம். கையைத் துடைத்துக்கொண்டு படித்தாள். திரும்பப் படித்தாள். பிறகு ரப்பர் குழாயை எடுத்து ரேடியேட்டர் வாயில் செருகி, கிளிப்பை முறுக்கினாள்.

நடுவில் துணியை எடுத்தாளா?

எடுத்த மாதிரித்தான் ஞாபகம். அந்த மரக்கட்டையையும் எடுத்த மாதிரித்தான் ஞாபகம்.

துணி அங்கே இருந்தால் சமதரையில் ஒன்றும் தெரியாது. தண்ணீர் அதன் வழியே கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து போய்க்கொண்டுதான் இருக்கும். மலையில், நாலாவது வளைவிலோ ஐந்தாவது வளைவிலோ, தண்ணீர் கொதித்து, பதினொரு மாத உழைப்பும் வெடித்துப் போகும். ஆனால் துணி அங்கே இல்லாமலும் இருக்கலாம். அப்படியானால் நாற்பது பேர் முன்னால் வெறும் குழாயைக் கழற்றிப் பார்த்துவிட்டு அசடு வழிய வேண்டியதுதான். ஒரு கையெழுத்தைப் போட்டுவிட்டால் இரண்டும் வேண்டாம், இப்போதே கிளம்பிவிடலாம்.

பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

"டாக்டர், என் வண்டி தயாரில்ல. ஒரு குழாயைக் கழட்டிப் பார்க்கணும். சூடு ஆறினாத்தான் தொட முடியும். நாப்பது நிமிஷமாவது ஆகும்."

"நல்லாத்தானே ஓடி வந்துது?" என்று பக்கத்திலிருந்த பேக்கரிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு முணுமுணுத்தார். "வெயில் ஏறிடும், டாக்டர்."

"முதல் வண்டி நகராம மத்த வண்டி நகராது," என்றார் டாக்டர் அம்மா. அவ்வளவுதான். நாற்பது பேரும் காத்திருந்தார்கள்.

வெயில் ஏறவில்லை. பதினைந்தாவது நிமிஷம் தூறல் விழுந்தது. வானிலைக்காரர் ஒருவர் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்காமல் குடையை விரித்து, திறந்திருந்த பானட்டுக்குப் பிடித்தபடி நின்றார்.

சாம்பல் நிறக் கார் ஒன்றிலிருந்து ஒல்லியான மனிதர் ஒருவர் இறங்கி வந்தார். கையில் ஒரு பேசின். "தண்ணியைத் தரையில விட்டுடாதீங்கம்மா. இதுல பிடிச்சா திருப்பி ஊத்திக்கலாம்," என்று வைத்துவிட்டு, ஓரமாக நின்றுகொண்டார்.

சின்னவள் புறங்கையால் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தாள். ஆறியிருந்தது. ஸ்க்ரூடிரைவரால் கிளிப்பைத் தளர்த்தி, குழாயைப் பிடித்துத் திருகினாள். அது பிடிவாதம் பிடித்து, பிறகு விட்டுக்கொடுத்தது. தண்ணீர் பேசினில் விழுந்தது.

ரேடியேட்டரின் வாயில், சிவப்பு நூல் அடித்த பச்சை ஓரம் தெரிந்தது.

விரலால் பற்றி இழுத்தாள். வந்தது. வந்துகொண்டே இருந்தது. சுருண்டு, முறுகி, தண்ணீர் சொட்ட முழுத் துணியும் வெளியே வந்தபோது பக்கத்து வண்டிக்காரர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். பேக்கரிக்காரர்கூடக் கட்டிய கையை இறக்கிவிட்டார்.

"பன்னிரண்டு," என்றாள் அண்ணி. தியேட்டரில் சொல்கிற அதே குரல்.

சின்னவள் துணியைக் கையில் பிடித்தபடி திரும்பினாள். முகம் வெளுத்திருந்தது. யாரும் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள்.

"நான்தான் வச்சேன். எடுக்க மறந்துட்டேன்."

கடைசி வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னாள். இரண்டு வருஷமாகத் தொண்டையில் நின்ற வார்த்தை அது. ஒரு கடிதத்தில் எழுத வராதது, நாற்பது முன்பின் தெரியாதவர்கள் முன்னால் வாய்விட்டு வந்துவிட்டது. அண்ணிக்கு அவளைப் பார்க்கப் பிரமிப்பாக இருந்தது. டாக்டர்கள் தங்கள் தப்பை எப்படியெல்லாம் மென்று விழுங்குவார்கள் என்று பதினெட்டு வருஷமாகப் பார்த்தவள் அவள். இப்படி ஒருத்தி நிமிர்ந்து நின்று சொல்லி அவள் பார்த்ததே இல்லை. எட்டு வருஷம் இந்தப் பெண்ணைத் தெரியாமலே ஒரே வீட்டில் இருந்திருக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

குழாய் மாட்டியாயிற்று. பேசின் தண்ணீர் உள்ளே போயிற்று. அண்ணி, சின்னவள் இருவரும் கிளிப்பை ஒருவர் மாற்றி ஒருவர் இழுத்துப் பார்த்தார்கள். டாக்டர் அம்மா மறுபடி தாளை நீட்டினார்.

சின்னவள் கையெழுத்துப் போட்டாள். முழுக் கையெழுத்து, கீழே ஒரு கோட்டோடு.

*

மலைப் பாதையைப் பற்றி என்ன சொல்ல! பெரியம்மா இரண்டாவது கியரில் முனகிக்கொண்டே ஏறினாள். சைக்கிள்காரர் ஒருவர் தங்களை முந்திக்கொண்டு போனார் என்று பிற்பாடு வானிலைக்காரர் எல்லோரிடமும் சொன்னார். அது உண்மைதான். சின்னவளின் கண் ஊசியை விட்டு நகரவில்லை. நாலாவது வளைவு. ஊசி பாதியில் நின்றது. ஐந்தாவது வளைவு. பாதியிலேயே நின்றது.

"கண்ணாடியைப் பாரு," என்றாள் அண்ணி மெதுவாக.

பார்த்தாள். பின்னால் மலை முழுக்க விளக்குகள். தூறலில் நனைந்த பாதையில், வளைவுக்கு வளைவு, கீழே மரங்களுக்கு நடுவே, அதற்கும் கீழே பள்ளத்தாக்கின் ஓரத்தில், நாற்பது கார்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு வரிசையாக வந்தன. பாய்ந்து போகக்கூடிய கார்களெல்லாம் இருந்தன அதில். ஒன்றுகூட ஹாரன் அடிக்கவில்லை. அவள் வேகம் குறைத்தால் மலையே வேகம் குறைத்தது. அவள் பிரேக்கை மிதித்தால் அடிவாரம் வரை விளக்குகள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டே போயின.

"என்னை நம்பி வர்றாங்களா அண்ணி, இத்தனை பேரும்?"

"அதுக்குத்தானே கையெழுத்து வாங்கினாங்க."

சின்னவள் அழுதாள். அழுதுகொண்டே கியர் மாற்றினாள். பின்ஸீட்டில் அவள் அண்ணன் ஜன்னலுக்கு வெளியே ரொம்ப அக்கறையாக மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணும் சரியாக இல்லை.

*

உச்சியில் டாக்டர் அம்மா ஒரு பித்தளை வில்லையைப் பெரியம்மாவின் முன்பக்கம் வைத்துத் தானே திருகினார். நாற்பத்தொன்று என்று இருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். பேக்கரிக்காரர்தான் கடைசி வரை தட்டினார். யாரோ பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார்கள். சின்னவள் குடிக்க மறந்து வில்லையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

சாம்பல் நிறக் காரின் மனிதர் ஒவ்வொரு வண்டியாகப் போய்த் தாள்களை வாங்கிச் சரிபார்த்துக்கொண்டு வந்தார். சங்கத்தில் அது அவர் பொறுப்பாம். பெரியம்மாவின் தாள் வந்ததும் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இந்தக் கையெழுத்தை நான் முன்னாடி ஒரு தடவை பார்த்திருக்கேன்மா," என்றார். "'இல்லை'ன்னு ஒரே ஒரு வார்த்தை. அதுக்குக் கீழே."

சின்னவள் டீயைக் கீழே வைத்தாள்.

"கேள்வியை எழுதினவன் நான்தான். முகம் பார்க்காம கேட்டது. ரெண்டு வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் பதில் வந்திருக்கு." தாளை மடித்து மற்ற தாள்களோடு சேர்த்தார். "நாளைக்குப் பத்து மணிக்குத்தானே வர்றீங்க?"

அவள் தலையை அசைத்தாள்.

"அந்தத் துணியையும் எடுத்துட்டு வாங்க."

சிரித்தாரா, இல்லையா என்று தெரிவதற்குள் அடுத்த காருக்குப் போய்விட்டார்.

"இது நல்லதுக்கா, கெட்டதுக்கா?" என்றார் வானிலைக்காரர்.

"அதையெல்லாம் முன்கூட்டிச் சொல்ற வேலை உங்களோடது," என்றாள் அண்ணி. ஆனால் அவள் குரலிலும் தெம்பு இல்லை.

சின்னவள் பானட்டைத் திறந்து ஓரத்தில் காயப் போட்டிருந்த பச்சைத் துணியை எடுத்தாள். இன்னும் ஈரம். பிழிந்து, உதறி, அண்ணியிடம் நீட்டினாள். "நீங்களே வச்சுக்குங்க அண்ணி. நான் மறந்தாலும் மறந்துடுவேன்."

அண்ணி அதை நாலாக மடித்தாள். கைப்பையைத் திறந்து வைத்தாள். பழக்க தோஷம், வாய்விட்டே சொன்னாள்.

"உள்ளே ஒண்ணு."